மலைமேல் மழையும் அடிவாரத்து வெள்ளமும்

தீபாவளி விடுமுறையில் நம் கல்லூரி மாணவர் சிலரை உடனழைத்துக்கொண்டு நாம் கோடைக்கானலுக்குச் சென்று மீண்டோம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் சாலையில், டம்டம் பாறை என்னுமிடத்தில் வண்டியை நிறுத்தி, எதிர்மலையினின்று ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தை ஒரே வெண்கோடாக வீழ்ந்து கடக்கும் தலையாற்று அருவியைக் கண்டு களித்தோம். அந்நீரே மஞ்சளாறு என்னும் பெயரோடு அடிவாரத்தை அடைந்து, தேவதானப்பட்டிக்கு அருகேயுள்ள அணையிற் சிறிது தங்கி, பின்னர் வைகையோடு கலக்கின்றது. மேலே நின்று நோக்குவார்க்கு இஃது இனிய காட்சி. கீழே வாழ்வார்க்கு இஃது எத்தன்மைத்து என்பதை அன்று மாலையே அறிந்தோம்.

மலையிறங்கி வருங்கால், அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் தேநீர் அருந்த நின்றோம். ஆங்கிருந்த முதிய உழவர் ஒருவர் நாம் வந்த காரியத்தைக் கேட்டறிந்து பின்வருமாறு சொன்னார்: "ஐயா, மேலே மலை கறுத்து மின்னினால், இங்கே ஒரு துளி விழாவிட்டாலும் ஆற்றுக்குள் மேய்கிற மாட்டை ஓட்டிக்கொண்டு கரையேறிவிடுவோம். எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். ஆனால் இரவில் பெய்தால் மலை தெரிவதில்லை. உறங்குகிறவனுக்கு யார் வந்து சொல்வது?"

உடன் வந்த மாணவருள் ஒருவர், "இப்போது கணிப்பொறி எல்லாவற்றையும் முன்னரே சொல்லிவிடும், ஐயா" என்று மறுமொழி கூறினார். முதியவர் நகைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாணவர் கூறியது பொய்யன்று. எனினும் முழு உண்மையுமன்று. எவ்வளவு உண்மை, எவ்வளவு குறை என்பதையும், அக்குறையை நீக்கும் கடமை யாருடையது என்பதையும் இம்மலரின் வாசகர்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இடத்தின் இயல்பை நோக்குவோம். பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு கிளை. கோடைக்கானல் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இம்மலைகளின் மீது விழும் மழை இரண்டு பேராறுகளுக்குப் பங்கிடப்படுகின்றது. வடசரிவில் இறங்கும் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு முதலியன அமராவதியைச் சேர்ந்து காவிரிக்குச் செல்கின்றன. தென்சரிவில் இறங்கும் வராகநதியும் மஞ்சளாறும், கீழ்மலையில் தோன்றும் மருதாநதியும் வைகைக்குரியன. கீழ்மலையையும் சிறுமலையையும் பிறப்பிடமாகக் கொண்ட குடகனாறோ திண்டுக்கல் பக்கமாக வடக்கே சென்று அமராவதியை அடைகின்றது. ஆகவே, கோடைக்கானலில் ஓர் இரவு பெய்யும் பெருமழை, மறுநாள் பழனியிலும் பெரியகுளத்திலும் வேடசந்தூரிலும் வெவ்வேறு வெள்ளமாய்த் தோன்றக்கூடும்.

நகரத்திற்கும் அடிவாரத்திற்கும் உள்ள உயர வேறுபாடு 1,700 மீட்டருக்குக் குறையாது. நேர்க்கோட்டில் அளந்தால் இடைத்தூரமோ இருபது மைலும் இல்லை. சமவெளி ஆறுகளில் வெள்ளம் நாட்கணக்கில் நகரும்; மலையாறுகளிலோ மணிக்கணக்கில் வந்துவிடும். இந்த ஒரு வேற்றுமையே நம் பொருள் முழுதுக்கும் அடிப்படை.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்நீர் 1,00,000 கன மீட்டர். அதாவது 10 கோடி லிட்டர். நீர்பிடிப்பு 50 சதுர கிலோமீட்டர் உள்ள ஒரு சிற்றாற்றை எடுத்துக்கொண்டால், மொத்த நீர் 50 லட்சம் கன மீட்டர். அதிற் பாதி மண்ணிற் புகுந்து, மறுபாதி ஆறு மணி நேரத்தில் ஓடி வருவதாகக் கொள்வோம். அப்போது ஆற்றிற் சராசரியாக விநாடிக்கு 116 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 4,100 கன அடி நீர் செல்லும். இனி, அதே மழை அதே நிலத்தில், மண் முன்னரே நனைந்து நிறைந்திருக்க, பத்தில் ஏழு பங்கு நீர் மூன்றே மணி நேரத்தில் ஓடி வருவதாகக் கொள்வோம். அப்போது விநாடிக்கு 324 கன மீட்டர், அதாவது 11,400 கன அடிக்கு மேல். மழை ஒன்றே, வெள்ளம் ஏறத்தாழ மூன்று மடங்கு. "எவ்வளவு பெய்தது?" என்று மட்டும் கேட்பவன் வெள்ளத்தை அறியமாட்டான், "எங்கே பெய்தது, எவ்வளவு நேரத்திற் பெய்தது, எத்தகைய மண்ணின்மேற் பெய்தது?" என்று கேட்பவனே அறிவான்.

கணிப்பொறி செய்வது இக்கணக்கையே. ஆனால் ஒரே இடத்திற்கன்று, ஆயிரக்கணக்கான இடங்களுக்கு. மலையையும் பள்ளத்தாக்கையும் சமவெளியையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் உயரம், சரிவு, மண்ணின் வகை, மேலே வளர்ந்திருப்பது காடோ புல்லோ வயலோ கட்டடமோ என்பன குறிக்கப்படும். பின்னர் இரண்டு பௌதிக விதிகள் பயன்படுத்தப்படுகின்றன. நீர் புதிதாய்த் தோன்றுவதுமில்லை, மாய்வதுமில்லை. ஒரு கட்டத்திற் புகுந்த நீர் அங்கே தங்கவேண்டும், அன்றி வெளியேறவேண்டும் என்பது முதல் விதி. சரிவு நீரை முன்னே தள்ளுகின்றது, தரையின் கரடுமுரடு அதனைத் தடுத்துப் பிடிக்கின்றது, இவ்விரண்டின் போராட்டமே நீரின் வேகம் என்பது இரண்டாம் விதி. இவற்றைச் சமன்பாடுகளாக அமைத்து 1871ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பிரான்சு நாட்டுச் சான்-வெனான் என்பார். கரடுமுரடை ஓர் எண்ணாற் குறிக்கும் வழியை 1889இல் தந்தவர் அயர்லாந்து நாட்டுப் பொறியாளர் மானிங். கணிப்பொறி இவ்விதிகளைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் சில விநாடிகளுக்கு ஒருமுறை நீரின் ஆழத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே செல்லும். முடிவில், இன்ன தெருவில் இன்ன மணிக்கு இத்தனை அடி நீர் நிற்கும் என்று ஒரு படம் வரையும். இதனை மாதிரிக்கணக்கு என்று ஈண்டு வழங்குவோம்.

இஃது எவ்வளவு அரிய கருவி! இரவோ பகலோ அதற்கு வேறுபாடில்லை. மலை கண்ணுக்குத் தெரியவேண்டுவதில்லை. முதியவரின் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது என்று நம் மாணவர் எண்ணியதில் வியப்பில்லை.

நிற்க. இக்கருவி எங்கே தவறுகின்றது என்பதையும் நோக்கவேண்டும். இதற்கு மேனாட்டு வரலாறு ஒன்று மிகப் பொருத்தமானது. லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில அறிஞர், வானிலையைக் கணக்கினால் முன்னறியலாம் என்று துணிந்து, 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளை எடுத்துக்கொண்டு, அன்றைய நாளில் ஆறு மணி நேரத்திற்குக் காற்றழுத்தம் எவ்வாறு மாறும் என்பதைத் தம் கையாலேயே கணித்தார். முதல் உலகப்போரில் பிரான்சில் காயமுற்றோரைச் சுமக்கும் வண்டி ஓட்டும் தொண்டிற்கிடையே இக்கணக்கைச் செய்தார். 1917இல் போர்க் குழப்பத்தில் அக்கையெழுத்துப் பிரதி காணாமற் போய், சில மாதங்களுக்குப் பின் நிலக்கரிக் குவியலொன்றின் அடியிற் கண்டெடுக்கப்பட்டது. 1922இல் நூலாக வெளிவந்தபோது அதில் அவர் கண்ட விடையும் இருந்தது. ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்பது அவ்விடை. உண்மையில் அன்று அழுத்தம் மாறவே இல்லை எனலாம். அத்தகைய மாற்றத்தை உலகில் எவரும் கண்டதில்லை. ஆயினும் அவர் தம் பிழையை மறைக்காமல் அச்சிட்டார். பிற்காலத்து அறிஞர் அக்கணக்கை மீளச் செய்து பார்த்தபோது, அவருடைய சமன்பாடுகள் செவ்வையானவையே என்றும், தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அளவுகளில் இருந்த சிறு குறைகளே பெருகி விடையைக் கெடுத்தன என்றும் தெளிந்தனர்.

இதனின்று நாம் கற்கவேண்டியது யாது? கணக்கு எவ்வளவு நுட்பமாயினும், அதற்கு நாம் கொடுக்கும் அளவு பிழையாயின் விடையும் பிழையே. வெள்ள மாதிரிக்கும் இஃது அப்படியே பொருந்தும். பழனி மலைகளில் இக்குறை மூன்று வாயில்களால் நுழையக்கூடும் என்பது நம் கருத்து.

முதலாவது, மழையின் அளவு. மலைநாட்டில் மழை ஒரு பள்ளத்தாக்கிற் கொட்டி அடுத்த பள்ளத்தாக்கிற் தூறலாய் நின்றுவிடும். நகரத்து மழைமானி ஒன்றைக்கொண்டு மலை முழுதையும் கணித்தல், ஒரு பானையைப் பார்த்து ஊரார் அடுப்பையெல்லாம் சொல்வதை ஒக்கும். வானிலை ராடாரும் மலைகளுக்குப் பின்னால் நடப்பதை நன்கு காண இயலாது. மலையே அதன் கதிரை மறைத்துவிடுகின்றது. மேலும், நம் நாட்டு வழக்கப்படி மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்பட்டு, முந்திய இருபத்துநான்கு மணி நேரத்திற்கும் ஒரே எண்ணாகக் குறிக்கப்படுகின்றது. பயிருக்கும் ஏரிக்கும் அவ்வெண் போதும். மலையாற்று வெள்ளத்திற்குப் போதாது. பத்து சென்டிமீட்டர் மழை நாள் முழுதும் பெய்தால் உழவன் மகிழ்வான்; இரண்டு மணி நேரத்திற் பெய்தால் ஓடுவான். அவ்விரண்டையும் ஒரே எண்ணாகக் காட்டும் ஏட்டைக்கொண்டு எந்தக் கணிப்பொறியும் சரியான விடை தருதல் அரிது. மணிக்கு மணி தானே பதியும் மானிகள் சரிவுகள்தோறும் வேண்டும்.

இரண்டாவது, நிலத்தின் உருவம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ஒன்று பதினொரு நாட்களில் உலகின் பெரும்பகுதியை ராடாரினால் அளந்து தந்த உயரப்படம் இன்று எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. பெரிய நதிகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அதன் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ளது. கட்டம் முழுதிற்கும் ஒரே உயரம். பத்து மீட்டர் அகலமுள்ள மலையோடை அதற்குள் மறைந்துபோகும். அடர்ந்த காட்டில் மரமுடியையே தரையென்று அது கொள்ளுதலும் உண்டு. ஆகவே ஓடைகளையும் பாலங்களின் கண்களையும் நேரிற் சென்று அளத்தல் தவிர்க்க இயலாதது.

மூன்றாவது, நிலத்தின் போர்வை. பழனி மலைகளின் உச்சிப் பரப்பு ஒரு காலத்தில் சோலைகளும் புல்வெளிகளும் மாறி மாறி அமைந்ததாய் இருந்தது. 1973ஆம் ஆண்டு முதல் 2014 வரை எடுக்கப்பட்ட செயற்கைக்கோட் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆராய்ச்சியொன்று, அந்நாற்பது ஆண்டுகளில் அம்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்றும், அவ்விடத்தை வேல மரம், தைலமரம், பைன் முதலிய தோட்டங்களும் வேளாண் நிலமும் கவர்ந்தன என்றும் காட்டியது. அத்துடன் நகரத்தில் கூரையும் தளமும் சாலையும் பெருகின. சோலையின் மெத்தென்ற மண் உண்ணும் நீரைச் சிமெண்டுத் தளம் உண்ணாது. நேற்றைய மலையின் படத்தை வைத்துக்கொண்டு நாளைய வெள்ளத்தைக் கணித்தால், விடை நேற்றைய மலைக்கே பொருந்தும்.

அளவெடுத்தலின் பெருமையைக் கோடைக்கானலே நமக்கு நன்கு கற்பிக்கின்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்திற்குப் பின்னர், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டோ என்னும் வினா எழுந்தது. அவ்வினாவும் ஒரு காரணமாகவே கோடைக்கானலிற் சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899இல் அமைந்தது. அதனை நிறுவி முதல் தலைவராயிருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித், முன்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியராய் இருந்தவர் என்பதைக் கல்லூரி மலரொன்றில் நினைவுகூர்தல் தகும். சூரியனைப் பார்த்து மழையைச் சொல்லும் ஆசை எண்ணியவாறு நிறைவேறவில்லை. எனினும் நாள்தோறும் தவறாமல் நோக்கிக் குறித்துவைத்த பழக்கம் வீண்போகவில்லை. 1909இல் எவர்ஷெட் என்பார் சூரியக் களங்கங்களில் வாயு வெளிநோக்கி ஓடுதலைக் கண்டறிந்தது அங்கேதான். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்நிலையத்துச் சூரியப் படங்கள் இன்றும் உலகத்து அறிஞர்க்குப் பயன்படுகின்றன. ஒரு கேள்விக்காகத் தொடங்கிய அளவு மற்றொரு கேள்விக்கு விடையாகும். அளக்காமல் விட்ட நாளோ எக்கேள்விக்கும் விடையாகாது.

இனி, அளவும் கணக்கும் செவ்வையாய் அமைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமோ? நீங்காது. இதற்குக் குடகனாற்று அணையின் வரலாறே சான்று. 1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அதிகாலையிற் புயலொன்று நாகப்பட்டினத்திற்குச் சிறிது தெற்கே கரையைக் கடந்து, தமிழ்நாட்டின் உள்நாட்டை ஊடறுத்து, மறுநாட் காலையில் அரபிக்கடலிற் புகுந்தது. அந்நவம்பரிலேதான் குடகனாற்றின் அணை உடைந்தது. அது மண்ணால் அமைந்த அணை. ஆற்றுப்படுகைக்கு மேல் 11.45 மீட்டர் உயரம். கொள்ளளவு 123 லட்சம் கன மீட்டர். நீரை வெளியேற்ற ஐந்து ஷட்டர்கள். விநாடிக்கு 1,275 கன மீட்டர் வெள்ளத்தைத் தாங்குமாறு அது திட்டமிடப்பட்டிருந்தது. வெள்ளம் வந்தபோது பணியாளர் சோம்பியிருக்கவில்லை. உடனே ஷட்டர்களை உயர்த்தத் தொடங்கினர். மின்சாரம் நின்றுவிட்டது. ஷட்டர்கள் பாதியில் நின்றன. மாற்று மின்னாக்கியை இயக்கினர், அதுவும் கைகொடுக்கவில்லை. கைகளாற் சுழற்றிப் பார்த்தனர். அதற்குள் நீர் கரைக்கு மேல் ஏறி, பின்சரிவில் அருவிபோல் வீழ்ந்து, மண்ணை அரித்து, பல இடங்களில் அணையை உடைத்துக்கொண்டு சென்றது. உடைப்புகளின் நீளம் 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை இருந்தது.

இவ்வெண்களை வைத்து ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். அவ்வணை முற்றும் வறண்டு கிடந்ததாகவே கொள்வோம். அது தாங்குமாறு திட்டமிட்ட அந்த 1,275 கன மீட்டர் வெள்ளம் விநாடிதோறும் வந்து, ஒரு ஷட்டரும் திறக்கப்படாவிட்டால், அணை நிரம்புதற்கு எவ்வளவு நேரமாகும்? மூன்று மணி நேரத்திற்கும் குறைவு! மின்சாரம் நின்று, மாற்றுவழி தேடி, கையாற் சுழற்றும் நேரத்திற்குள் அணையின் விதி முடிந்துவிடுகின்றது. இத்தகைய அணைக்கு ஆறு மணி நேரம் முன்னதாகக் கிடைக்கும் ஒரு செய்தி, அணையை இன்னும் சில அடி உயர்த்திக் கட்டுதற்கு ஒப்பாகும். அன்றைக்கு அத்தகைய மாதிரிக்கணக்கு இருந்திருந்தால், மின்சாரம் நிற்குமுன்பே ஷட்டர்களைத் திறந்திருக்கலாம் அன்றோ? ஆனால், செய்தி வந்தும் திறக்க அதிகாரம் உடையவர் இல்லாவிட்டாலோ, திறக்கும் கருவி துருப்பிடித்துக் கிடந்தாலோ, கணக்கினால் ஆவதொன்றுமில்லை. முன்னறிவு கணிப்பொறியினுடையது, முன்னேற்பாடு மனிதருடையது.

நாகைக் கரையைக் கடக்கும் புயல் மலைநாட்டை என்ன செய்யும் என்று எண்ணுதலும் தவறு. 2018 நவம்பர் 16ஆம் நாள் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், உள்நாட்டில் வந்து கோடைக்கானல் பகுதியிலும் பெருமழை பெய்து, மரங்களை வீழ்த்தி, மண்சரிவால் பாதைகளை மறித்தது. கரையைக் கடந்த செய்தி கிடைத்த பின்பும் மலைக்குச் சில மணி நேரம் எஞ்சியிருந்தது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அச்சில மணி நேரத்தைப் பொருளுள்ளதாகச் செய்வதே மாதிரிக்கணக்கின் பணி.

இங்கே இரண்டு சாராரின் ஆட்சேபங்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். "மலையைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இயந்திரம் எதற்கு?" என்பார் ஒரு சாரார். அவர்களுடைய அறிவை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களிற் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பாட்டனார் கண்டிராத மழை பெய்யும் காலத்திற் பாட்டனாரின் அனுபவம் மட்டும் போதுமோ? "கணிப்பொறி தவறினால் மக்கள் பிறகு நம்பமாட்டார், ஆதலின் உறுதியாகத் தெரிந்தாலன்றி வாய் திறவாதிருத்தல் நன்று" என்பார் மற்றொரு சாரார். வைகை அணையின் வழக்கத்தை அவர்கள் நோக்குவாராக. 71 அடி முழுக்கொள்ளளவுள்ள அவ்வணையில் நீர் 66 அடியை எட்டியதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. முதல் எச்சரிக்கை கேட்ட பின் நீர் ஏறாமற் போன ஆண்டும் உண்டாயின், அதனால் எவரும் அணைப் பொறியாளரைப் பொய்யரென்று சொல்வதில்லை. படிப்படியாய் வரும் எச்சரிக்கையின் பொருளை ஐந்து மாவட்டத்து மக்களும் நன்கறிவர். மாதிரிக்கணக்கின் விடையையும் இவ்வாறே படிகளாக்கி, "இது முதற்படி, மாட்டைக் கரையேற்றுக", "இது மூன்றாம்படி, நீங்களும் ஏறுக" என்று தமிழிற் சொல்லுதல் வேண்டும். நூற்றுக்கு இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்னும் மொழி ஆராய்ச்சி அறைக்கு ஏற்றது, ஆற்றங்கரைக்கு ஏற்றதன்று.

2015 டிசம்பரிற் சென்னை மூழ்கிய பின்னர், அந்நகருக்கெனக் கடலோர வெள்ள எச்சரிக்கை முறை ஒன்றைத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும், சென்னை, பம்பாய் ஐ.ஐ.டி.க்களும், அண்ணா பல்கலைக்கழகமும் கூடி அமைத்தன. அது போற்றத்தக்க பணி. ஆனால் பெருநகரம் மூழ்கிய பின்புதான் கணக்குப் பிறக்கவேண்டும் என்பது விதியன்று. பழனியும் பெரியகுளமும் தேவதானப்பட்டியும் மூழ்குமுன்பே அவற்றிற்கும் கணக்கு வேண்டும். சிற்றூரில் இறப்பவர் சிலராயினும், அவ்வீட்டார்க்கு அது முழு இழப்பே.

அங்ஙனமாயின், நம்மனோர் செய்யத்தக்கது யாது? அரசாங்கம் செய்யும் என்று இருந்துவிடுதல் எளிது. நாம் மூன்று காரியங்களைத் தாழ்மையோடு எடுத்துரைக்கிறோம்.

முதலாவது, மலையிலும் அடிவாரத்திலும் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் உயர்நிலைப் பள்ளியும் மணிக்கு மணி பதியும் மழைமானி ஒன்றை வைத்துப் பேணுதல். அருகிலுள்ள ஓடைப் பாலத்தின் தூணில் அடிக்கணக்குத் தீட்டி, வெள்ளக் காலத்தில் நீர்மட்டத்தைக் குறித்தல். ஏட்டை மூடி வையாமல் எவரும் காணுமாறு வெளியிடுதல். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. நாள்தவறாத ஒழுங்கு ஒன்றே வேண்டும்.

இரண்டாவது, பௌதிகமும் கணிதமும் பூகோளமும் கற்கும் மாணவர் தம் ஊர் ஆற்றிற்குத் தாமே மாதிரிக்கணக்குச் செய்யப் பழகுதல். அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை இயற்றிய ஹெக்-ராஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. சாதாரணக் கணிப்பொறியிலேயே ஓடுவது. மாணவன் செய்யும் கணக்கு ஊரைக் காக்கும் அரசாங்கக் கணக்கிற்கு ஈடாகாது என்பதை அறிவோம். அதனை எச்சரிக்கையாக எவரும் பறைசாற்றவும் கூடாது. ஆனால் தன் கணக்கின் விடையைச் சென்ற வெள்ளத்தின் சேற்றுக்கறையோடு ஒப்பிட்டு, "இரண்டு அடி பிழைத்தோம், ஏன்?" என்று கேட்கும் மாணவன், ரிச்சர்ட்சன் சென்ற வழியிற் செல்பவன். அவனே பிற்காலத்தில் ஓர் அணையின் பொறியாளனாகவோ மாவட்டத்தின் ஆட்சியாளனாகவோ வரும்போது, வந்த செய்தியின் பொருளை அறிவான்.

மூன்றாவது, நம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்களிற் பொறியாளர் உளர், வருவாய்த்துறையினர் உளர், ஆசிரியர் உளர். அணையின் ஷட்டரும் மாற்று மின்னாக்கியும் மழைக்குமுன் ஒருமுறை இயக்கிப் பார்க்கப்பட்டனவா, எச்சரிக்கை கடைசி வீடுவரை செல்லும் வழி எது, இரவிற் கதவைத் தட்டுவோன் யாவன் என்னும் வினாக்களை உங்கள் ஊரிற் கேளுங்கள். கேட்பார் இருந்தால் விடை தானே பிறக்கும்.

அன்று மலையடிவாரத்தில் நம் மாணவர் கூறிய விடையை இப்போது திருத்திச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். கணிப்பொறி எல்லாவற்றையும் முன்னரே சொல்லிவிடாது. மலைமேல் ஒருவர் மழையை அளந்து கொடுத்தால், அது கணக்கிட்டுக் கொடுக்கும். கீழே ஒருவர் அதனைக் கேட்டு எழுந்து நடந்தால், ஊர் பிழைக்கும். இவ்விருவருக்கும் நடுவில் நிற்பதே இயந்திரம். இரு பக்கத்து மனிதரும் இல்லாவிடத்து அது பேசாது நிற்கும் பெட்டி.

"உறங்குகிறவனுக்கு யார் வந்து சொல்வது?" என்று அம்முதியவர் கேட்ட வினாவிற்கு நாம் அன்று விடை கூறாது வந்துவிட்டோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குமுன் நம் கல்லூரியின் மழைமானி ஒன்றாவது அச்சிற்றூருக்கு மேலேயுள்ள சரிவில் நிற்குமாயின், மீண்டும் அவ்வழியே சென்று அவரோடு தேநீர் அருந்த நமக்கு முகம் இருக்கும்.